கம்பெனி வாசலில் சேம்பு

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் ஆடி மாதத்தில். அப்பாவின் ஒரே தங்கை. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவது வழக்கம்தான் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களை ஆடிக்கு அழைப்பதில்லை என்பதோ, அப்படி வருகிறவர்கள் இடது கையில் மாவுக்கட்டோடு வருவதில்லை என்பதோ மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்குத் தெரியாது. "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டா" என்று அம்மா சொன்னாள். எங்கள் பாத்ரூமில் அதற்குப் பிறகு நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அப்போது எங்களுக்குக் கீழே கம்பெனி, மேலே வீடு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் கீழே நடக்கும். பனியன் துணியின் பஞ்சு மாடிப்படி ஏறி வந்து எங்கள் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் பறக்கும். அத்தைக்கென்று தனியாக இடமில்லை. சாம்பிள் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில் பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாய் விரித்துக்கொடுத்தார்கள். அவள் அதில் எத்தனை நாள் இருப்பாள் என்று பெரியவர்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாமலே எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல.

அந்தச் சமயத்தில் அம்மா சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வலைப்பை நிறையச் சேப்பங்கிழங்கு வாங்கி வந்திருந்தாள். அப்பாவுக்கு அந்த வழவழப்பு ஆகாது. அவருக்கு ஆகாதது எனக்கும் ஆகாது. கிழங்கு சமையலறை மூலையில் கிடந்து, உச்சியில் இளஞ்சிவப்பாக முளை விட்டுவிட்டது.

"தூக்கி வீசீரு அம்முணி" என்று அம்மா அத்தையிடம் சொன்னாள்.

அத்தை வீசவில்லை. கம்பெனிக்குப் பின்புறம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பிரிண்டிங் பட்டறையிலிருந்து வந்த காலிச் சாய வாளிகள் கிடந்தன. நீலம், மஞ்சள், கறுப்பு. அவற்றைத் தேய்த்துக் கழுவி, தையல் மெஷின் மெக்கானிக்கிடம் சொல்லி அடியில் ஓட்டை போடச் செய்தாள். பக்கத்துக் காலி மனையிலிருந்து நான் செம்மண் அள்ளிக் கொடுத்தேன். அவள் நல்ல கையால் குழி பறித்து ஒவ்வொரு கிழங்காக வைத்தாள்.

"முளை மேல பாக்கோணும் கண்ணு. தலைகீழா வெச்சா, பாவம், வழி தெரியாம மண்ணுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

மண் காயாமல் இருக்க மேலே கட்டிங் வேஸ்ட் துணிகளைப் பரப்பினாள். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலையோரம் கருகிவிடும் என்று அரிசி கழுவின தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றினாள். கொஞ்ச நாளில் சுருட்டிய காகிதம்போல ஒரு குருத்து எழும்பி, ஒரு காலையில் விரிந்து நின்றது. அதற்கடுத்த இலை அதைவிடப் பெரிது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. புரட்டாசி முடிவதற்குள் ஓர் இலையை நான் தலைக்கு மேல் பிடித்தால் தோள் வரை நிழல் விழுந்தது. அதன்மேல் தண்ணீர் தெளித்தால் ஒட்டாது. பாதரசம்போல உருண்டு நடுவில் திரண்டு நிற்கும். அத்தை இலையை மெதுவாகச் சாய்க்க, நான் கீழே வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். அவள் சிரிப்பது அந்த இடத்தில் மட்டும்தான். அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றுவிட்டது.

ஐப்பசியில் வெளிநாட்டிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்கும் பையர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அப்பா அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் மட்டுமே செய்துகொண்டிருந்தார். நேரடியாக ஓர் ஆர்டர் என்பது அவருடைய நெடுநாள் கனவு. சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தையல்காரர்களுக்கெல்லாம் தொப்பி வந்தது. பையர்களோடு ஆர்டர் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் பின்பக்கம் போன் பேசப் போனவர் திரும்பி ஓடி வந்தார்.

"சார், பின்னாடி சூப்பரா செடி இருக்குதுங்க. ரிசப்ஷன்ல வெச்சா லுக்கே மாறிடுமுங்க."

வாளிகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து முன்வாசலில் வரிசையாக வைத்தார்கள். அத்தை கூடவே போய் எதை வெயிலில் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அவளை மேலே வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

பையராக வந்தது நரைத்த முடியுள்ள ஒரு பெண்மணி. துணியைப் பார்ப்பதற்கு முன்பே செடியைப் பார்த்துவிட்டார். "எலிஃபன்ட் இயர்!" என்று கூவி, இலையைத் தடவி, தன் வீட்டுத் தோட்டத்திலும் இதுதான் இருக்கிறது என்றாராம். மெர்ச்சண்டைசர் மொழிபெயர்த்தார். யார் வளர்த்தது என்று அந்த அம்மாள் கேட்டார். அப்பா ஒரு நொடி தயங்கினார். பிறகு அம்மாவைக் காட்டி, "மை வைஃப்" என்றார். தங்கை என்று சொல்லியிருந்தால், தங்கை ஏன் இங்கே இருக்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்கப் போவதில்லைதான். ஆனால் சுற்றி நின்றவர்கள் நினைப்பார்களே. அந்தச் செடியைத் தொட்டாலே அரிக்கிறது என்று ஒதுங்கிப் போகும் அம்மா, பட்டுப் புடவையில் அதன் பக்கத்தில் நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

நான் மாடிக்கு ஓடினேன். அத்தை காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு சொன்னாங்க அந்தம்மா?"

"எல யானைக் காதாட்ட இருக்குதாமா."

"அப்படியா? அப்பக் கீழ பேசறதெல்லாம் அதுக்கு நல்லாக் கேக்கும்" என்று சொல்லி, பால் பொங்குவதுகூடத் தெரியாமல் சிரித்தாள். அப்பா யார் பெயரைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆர்டர் கிடைத்தது. அப்பா எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஆர்டர். அதற்கு வேண்டிய துணியைக் குறித்த நாளுக்குள் பின்னிக்கொடுக்க வெளியில் எந்த நிட்டிங் யூனிட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா இடத்திலும் சீசன். புத்தம்புது மெஷின்களோடு ஆர்டருக்குக் காத்திருந்தவர் எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளகோவில் மாமா, அத்தையின் புருஷன்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைவெளேரென்று, கை நிறைய ஆப்பிளும் மாதுளையுமாக. எனக்குப் பெரிய சாக்லெட் ஒன்று. எனக்கு மாமாவை எப்போதுமே பிடிக்கும். என் காதிலிருந்து காசு எடுத்துக் காட்டுவார். பையர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவோடு வெகுநேரம் பேசினார். மெஷின்களைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் எழுந்திருக்கும்போது, "அப்பறம் அவளயும் சீக்கிரமா அனுப்பி வையுங்க மச்சான், அவ இல்லாம ஊடு ஊடாட்டவே இல்லீங்க" என்றார். அவ்வளவுதான். அப்பா தலையாட்டினார்.

அன்று மாலை அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டு அப்பாவிடம் பேசியதைக் கேட்டேன்.

"நான் போகலீங்கண்ணா. கீழ செக்கிங்ல நின்னுக்கறனுங்க. எனக்குச் சம்பளமெல்லாம் வேண்டாமுங்க."

"நம்மூட்டுப் புள்ள செக்கிங் டேபிள்ல நின்னா வெளிய நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுப் போறாங்க. அவிய பேசறதுல கை ஒடியாதுங்கண்ணா."

அப்பா போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ ஒரே சந்தோஷம். அப்பாவுக்கு மெஷின் கிடைக்கிறது, அத்தைக்கு வீடு கிடைக்கிறது, எனக்குக் காரில் வெள்ளகோவில் வரை போய்வரக் கிடைக்கிறது. ஒரே கல்யாண வீடுபோல இருந்தது எனக்கு.

கிளம்புகிற அன்று அத்தை வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வந்து அம்மாவோடும் என்னோடும் காரில் ஏறினாள். வழியெல்லாம் அப்பாதான் பேசிக்கொண்டு வந்தார். ஷிப்மென்ட் முடிந்ததும் பழனிக்குப் போகலாம் என்றார், அத்தையும் மாமாவும் வரவேண்டும் என்றார். மாமா வீட்டில் எங்களுக்கு இனிப்பும் காரமும் வைத்தார்கள். மாமா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நிட்டிங் யூனிட்டைக் காட்டப் போனார். அத்தை வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து எங்களருகில் நின்றாள். உட்காரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வந்து கிளம்பலாம் என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"நங்கை, பாப்பாவ மட்டும் இங்க உட்டுட்டுப் போங்களே. ஒரு நாளு. நாளைக்குப் பஸ்ல நானே கொண்டாந்து உட்டர்றேன்."

நான் குதித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் என்னவோ வந்து போனது. பிறகு என் இன்னொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஸ்கூல் இருக்குதுல்ல அம்முணி."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, "லீவும்மா, லீவும்மா" என்று கார் வரைக்கும் கத்தினேன்.

இப்போது அப்பாவின் கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. வீடு வேறு தெருவுக்கு வந்துவிட்டது. மாமா கம்பெனியில் பங்குதாரர். அத்தை நல்லது கெட்டதுக்கு மாமாவோடு வருகிறாள், மாமாவோடு போகிறாள். கேட்டால் "எனக்கென்ன கண்ணு கொறச்சல்" என்கிறாள். யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

அன்றைக்குக் காரில் திரும்பி வரும்போது நான் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை. அத்தைக்கு அம்மாவைவிட, அப்பாவைவிட என்மேல்தான் பிரியம், என்னைப் பிரிந்து ஒரு நாள்கூட இருக்க முடியாமல்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த முதல் ராத்திரி மட்டுமாவது மாமா கை ஓங்கமாட்டார் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள் என்பது, அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.