இரண்டு சட்டைக்காரரும் ஒரு ‘நாம’வும்

லிஃப்ட் ஆய்வாளர் எங்கே என்று கேட்டால் அந்த அலுவலகத்தில் நாலு பேர் யோசிப்பார்கள். ‘ரெண்டு சட்டை’ எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளியே மாடியைக் கை காட்டிவிடுவார். அவருடைய அலமாரியில் எப்போதும் ஒரு நீலச் சட்டை தொங்கும். வெள்ளைச் சட்டையில் இருக்கும்வரை அவர் அரசாங்கம்; ஊரில் எந்த லிஃப்ட் ஓடலாம், எதைப் பூட்ட வேண்டும் என்று முடிவு செய்பவர். நீலத்துக்கு மாறிவிட்டால் லிஃப்ட் பொறியாளர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் பாதிப்பேர் அவர் சோதிக்கிற லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனிக்காரர்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்பவர்கள் விதிமுறையைப் படிக்காதவர்கள். அவர் படித்திருந்தார்.

அரசு ஊழியர் தொழில் சங்கத்தில் இருக்கலாம் என்கிறது விதி. அலுவலக நேரத்தையும் பொருளையும் அதற்குச் செலவிடக் கூடாது, தன் துறையிடமே சங்கத்துக்காகப் பேசக் கூடாது, அவ்வளவுதான். நம்மவர் இதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். சங்கத்திலிருந்து போன் வந்தால் எழுந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பேசுவார். இருக்கையிலேயே சங்கத்தைப் பற்றி யோசனை வந்துவிட்டால், அரசாங்க மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் வியர்த்து வழிந்தபடி அவருடைய நேர்மையை மெச்சினார்கள்.

சங்க அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டியதும் நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே போகும். அதைப் பராமரிப்பது சங்கச் செயலாளரின் கம்பெனி. வருடா வருடம் வெள்ளைச் சட்டை சோதனைக்குப் போகும். பிரேக் தேய்ந்திருக்கிறதே என்று கேட்கும். “நாம பார்த்துக்கலாம் சார்” என்பார் செயலாளர். சான்றிதழில் கையெழுத்து விழும். அன்று சாயங்காலமே நீலச் சட்டை அதே லிஃப்ட்டில் ஏறிக் கூட்டத்துக்குப் போகும். தன் கையெழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் துறைக்குப் புதிதாக ஒரு நன்னடத்தை அதிகாரி வந்து சேர்ந்தார். விதிகளைப் படிப்பதோடு நில்லாமல் அவை நடக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கும் வினோதமான பெண்மணி. அந்த நேரம் பார்த்து, வருடாந்தரச் சோதனையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆக்க வேண்டும் என்று சங்கம் கோரிக்கை வைத்தது. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். அந்தம்மா நம்மவரைக் கூப்பிட்டு, அறையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் தலைவர் பதவியா வேலையா என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டார்.

வீட்டில் அவருடைய மனைவிக்குத் தூக்கம் போயிற்று. “ஏங்க, அந்தப் பதவி போச்சுன்னா தினமும் சாயங்காலம் நீங்க வீட்லயா இருப்பீங்க?” என்றார். கவலை நியாயமானது. போன விடுமுறையில் ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்தவர், குளிர்சாதனப் பெட்டியின் கதவு சரியாக மூடுகிறதா என்று ஆய்வு செய்து அதன் கீலைக் கழற்றியிருந்தார்.

கூட்டத்தன்று மேசைக்கு இந்தப் பக்கம் துறை, அந்தப் பக்கம் சங்கம். நம்மவர் எந்தப் பக்கமும் சாயாமல் மேசையின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் அவரைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது தற்செயல். வெகுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் துறை இயக்குநர், அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு லிஃப்ட் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். செயலாளர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். நம்மவரால் பொறுக்க முடியவில்லை.

“நாம பார்த்துக்கலாம் சார்.”

நன்னடத்தை அதிகாரி பேனாவை மூடினார்.

“நாமன்னா யாரு சார்? ‘நாங்க’ன்னு சொல்லியிருந்தா எந்தப் பக்கம்னு கேட்டிருப்பேன். நீங்க ரெண்டு பக்கத்தையும் ஒரே வார்த்தையில சேர்த்துட்டீங்க. சோதிக்கிறவரும் நாம, சோதனைக்கு நிக்கிறவரும் நாம. இனி எதுக்கு இந்த மேசை?”

அன்று மாலையே நம்மவர் சங்கத் தலைவர் பதவியை விட்டார். நீலச் சட்டையை மனைவி கிழித்துத் துணியாக்கி ஜன்னல் துடைத்தார்.

சங்கம் சும்மா இருக்குமா? ஆறாவது மாடியில் பிரிவுபசார விழா ஏற்பாடாயிற்று. சிக்கல் என்னவென்றால், அந்த லிஃப்ட்டின் வருடாந்தரச் சோதனையும் அதே நாளில் வந்து தொலைத்தது. மத்தியானம் வெள்ளைச் சட்டை போனது. பிரேக் தேய்ந்திருந்தது. செயலாளர் வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தார். நம்மவருக்குக் காதில் அந்தம்மாவின் பேனா மூடும் சத்தம் கேட்டது. “நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க” என்று சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த லிஃப்ட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்.

சாயங்காலம் லிஃப்ட் பொறியாளர்கள் அத்தனை பேரும் படியேறினார்கள். விழா நாயகரும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவரைப் புகழ்ந்து பேச யாருக்கும் மூச்சு இல்லை. அந்தச் சங்கத்தில் இவ்வளவு உண்மையான கூட்டம் நடந்ததே இல்லை. நினைவுப் பரிசாக வாங்கிய ஆளுயரக் கடிகாரத்தை மேலே தூக்க ஆளில்லாமல் கீழேயே விட்டிருந்தார்கள். விலையுயர்ந்த பரிசு வாங்கக் கூடாது என்ற விதியும் இப்படித் தானாகக் காப்பாற்றப்பட்டது.

“இறங்கும்போது நாம எடுத்துக்கலாம் சார்” என்றார் செயலாளர், மூச்சிரைத்தபடி.

“நீங்க எடுத்துக்குங்க” என்றார் அவர்.