மஞ்சள் தடவிய விண்ணப்பங்கள்

தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே மாநில எல்லைக்கோடு எங்கே விழும் என்று ஒருவருக்கும் தெரியாதிருந்த காலம் அது. எங்கள் புத்தூரில் படுத்தவன் எந்த மாநிலத்தில் கண்விழிப்பான் என்று கடைவீதியில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். இரு தரப்பாரும் தமிழிலும் தெலுங்கிலும் துண்டறிக்கைகளை அச்சிட்டுக் குவித்தனர். ஆகவே திருப்பதியிலிருந்த ஓர் அச்சகத்துக்கு இரு எழுத்தும் அறிந்த பிழைதிருத்துநர் ஒருவர் தேவைப்பட்டார். அதன் உரிமையாளரை நாராயணவனம் கோயிலில் தற்செயலாகச் சந்தித்தேன். "எழுதிப் போடு, பாக்கலாம்" என்றார். இரு எழுத்தும் படிக்கத் தெரிந்தாலும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கழனியைத் தவிர எனக்கு வேறொரு வாழ்வு உண்டென்றால், அது அந்தச் சொற்களில்தான் இருந்தது.

முதல் மடலை மூன்று நாள் செதுக்கினேன். அவருடைய குலப்பெருமையையும் கொடையையும் இரண்டு பக்கம் போற்றிவிட்டு, வேலையைக் கடைசி வரியில் நாணத்தோடு குறிப்பிட்டேன். காரியம் கைகூட வேண்டுமென்று உறையின் நான்கு மூலைகளிலும் அக்காள் மஞ்சள் தடவினாள். பதில் இல்லை. பத்து நாள் கழித்து நினைவூட்டி எழுதினேன். அதில் புகழ்ச்சியும் கூடிற்று, மஞ்சளும் கூடிற்று.

மார்கழிப் பனியில் நகரி மலை நீலப் புகையாய்க் கரைந்து நிற்கும். தபால்காரரின் மிதிவண்டி மணி கழனிவரை மிதந்து வந்து, நிற்காமல் கடந்துபோகும். அச்சு மையின் மணத்தை அதுவரை நான் அறியேன். ஆயினும் நீர் பாய்ச்சுகையில் அது காற்றில் வருவதாகவே தோன்றும்.

மூன்றாம் முறை எழுத நினைத்தபோது அக்காள் வடமாலபேட்டையில் தன் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தாள். தபால் நிலையத்தில் உறையும் தீர்ந்துபோய், கார்டு மட்டுமே இருந்தது. அதில் புகழ்ச்சிக்கு இடமில்லை. 'நாராயணவனம் கோயிலில் தங்களைச் சந்தித்தவன். பிழைதிருத்தும் வேலைக்கு எழுதச் சொன்னீர்கள். தமிழும் தெலுங்கும் பிழையறப் படிப்பேன். திங்கட்கிழமை காலை நேரில் வருகிறேன்.' அவ்வளவே எழுதினேன்.

சொன்னபடி திங்களன்று போய் நின்றேன். அச்சகத்துக் குமாஸ்தா பெயரைக் கேட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிரிக்கப்படாத என் உறைகள் இரண்டையும் ஒரு கட்டிலிருந்து உருவினார்.

"இன்னாபா, ஒரே வூட்ல ரெண்டு கல்யாணமா? மஞ்ச வெச்சி வந்துச்சே, தை மாசத்துப் பத்திரிகன்னு கட்டி வெச்சிட்டேன். மார்கழில அத யாரு பிரிப்பாங்க?"

நான் தலைகுனிந்தேன். உரிமையாளர் சிரிக்கவில்லை. என் கார்டு அவர் மேசைமேல் இருந்தது.

"சித்தூர் ஆளு ஒர்த்தன் வர்றன்னு சொல்லிட்டுப் போனான். பதினஞ்சு நாளா ஒரு வரி போடல. நீ வந்துட்ட. உக்காரு" என்றார்.

அமர்ந்தேன். இடம் நிரம்பிவிட்டதென அந்தச் சித்தூர்க்காரருக்கு எழுதுவதே எனக்கிட்ட முதல் பணி. முன்பின் அறியாத அம்மனிதரும் அழைப்பை எதிர்பார்த்து, என்னைப்போலவே தபால்காரரின் மணியோசைக்குச் செவிசாய்த்து நிற்கிறார் என்று தோன்றவே, பேனா வெகுநேரம் நகரவில்லை. செய்தியை எழுதி முடித்தபின், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு வரி சேர்த்தேன்: 'வேறு இடம் உண்டா என்று இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.'