பர்தாவுக்குள் ஒரு குருவி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் இரண்டுக்குப் படித்துக் கொடுக்கிறேன். அந்தச் சின்னஞ்சிறுசுகளை விட்டு வேறு வகுப்புக்குப் போக எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

ஆனால் காது சதி செய்தது. ஆண்களின் தடித்த குரல், பஸ் உறுமும் சத்தம் எல்லாம் நன்றாகவே கேட்கும். மெல்லிய, உச்சமான சத்தங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போயின. குக்கர் விசில் அடித்து, பருப்பு கருகி, வாசனை வந்த பிறகுதான் அடுப்படிக்கு ஓடுவேன். வகுப்பிலோ பிள்ளைகளின் வாய் அசையும், பாதிதான் எனக்கு வந்து சேரும். "நான் ஏசினா மட்டும் எப்பிடி ஒனக்கு கேக்குது?" என்று என் கணவர் கேலி செய்வார். அவர் குரல் அப்படி, அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

கடைசியில் கண்டி டவுனில் ஓர் இடத்தில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கினோம். அங்கே காதைப் பரிசோதித்தவர் கலஹாப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளம் தமிழ்ப் பெண். நன்றாகப் படித்தவர், பொறுமைசாலி. மெஷினை மாட்டிய உடனே நான் கேட்ட முதல் சத்தம் அவருடைய வளையல் சத்தம். வீட்டுக்கு வந்து கூரையில் மழை விழுவதைக் கேட்டு, வேலையை எல்லாம் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். கேட்டால், "டீச்சர், குருவி கத்துது" என்றார்கள். கூரை மரத்தில் கூடு கட்டியிருக்கும் என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு இன்னும் சிரிப்பு.

விஷயம் விளங்கியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். தெரிந்தவர் வீட்டில் பெண்களுக்கான பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு நடந்தது. முடிவில் எல்லோரும் கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாருடையதோ போன் அடிக்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்குக் கோபமாக வந்தது. துஆ நேரத்தில் போனை நிறுத்தி வைக்கத் தெரியாதா? சும்மா இருந்திருக்கலாம். நான் வேறு, டீச்சர் தோரணையில் எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, என் பேக்கையும் திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த என் மதினி, அதாவது என் கணவரின் தங்கை, காதருகே வந்து சொன்னார்.

"மதினி, அது ஒங்கட காதிலேந்துதான் வருது."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷின் விசில் அடித்திருக்கிறது, அதுவும் எந்த உச்சக் குரலை என் காது இழந்திருந்ததோ அதே உச்சத்தில். சபை முழுக்கக் கேட்ட சத்தம், அதைத் தலையில் சுமந்துகொண்டிருந்த எனக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம், தலையைத் திருப்பும்போது வருகிற ஒரு 'சரக் சரக்' சத்தம்தான். அது எல்லா மெஷினிலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுபடியும் கண்டிக்குப் போனோம். அந்தப் பெண் கதவைச் சாத்தினார். "ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க டீச்சர், தைரியமா கழட்டுங்க" என்றார். தலையில் சுற்றுகிற பர்தாவையும் அதற்கு உள்ளே போடுகிற தொப்பியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பேசச் சொன்னார், எதையோ மெல்லுவது போல வாயை அசைக்கச் சொன்னார், தலையை ஆட்டச் சொன்னார். மெஷின் வாயே திறக்கவில்லை. எங்கேயோ ஏதோ அளவைக் குறைத்து அனுப்பினார். அடுத்த நாள் வகுப்பில் மறுபடியும் குருவி. திரும்பவும் போனேன். திரும்பவும் அதே அறை, மெஷினில் அதே அமைதி. "ஒண்ணுமே சத்தம் வரலையே டீச்சர்" என்று அவர் சொன்னபோது, என்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. எனக்கே அந்தச் சத்தம் கேட்டதில்லையே, நான் எதைக் காட்டி நிரூபிப்பது?

"வீட்டுல ஈக்கக்குள்ள சத்தமே இல்ல. வெளியில போனாத்தான் கத்துது. குளிர்காத்து படுறதாலயோ தெரியா" என்றார் கணவர். நானும் அதை நம்பி, காற்று படக் கூடாதென்று தொப்பியை இன்னும் இறுக்கமாக இழுத்துவிட்டு, பர்தாவை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குக் குருவி ஒரு கூட்டமே வந்துவிட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர், சொல்லவே சங்கடப்பட்டார். "பிள்ளைகள்ட கவனம் சிதறுதாம் டீச்சர். சத்தம் வருதுண்டு மெஷினக் கழட்டினா அவங்க பேசுறது ஒங்களுக்கு கேக்கவும் மாட்டுது. அடுத்த தவணையிலேந்து லைப்ரரியப் பாருங்களே, கொஞ்சம் ஓய்வாவும் ஈக்கும்." தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் வந்து அழுதேன். லைப்ரரி நல்ல இடம்தான். ஆனால் அங்கே யாரும் ஓடி வந்து சேலையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மெஷினைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கணவர் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்தப் பெண், கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று கெஞ்சி, மெஷினை என் காதில் மாட்டினார். வழமை போல பர்தா என் மடியில். வழமை போல மெஷின் ஊமை. "எடுத்து வச்சிக்கொள்ளுங்க மகள், எனக்கு வேணாம்" என்று சொல்லி முடிக்கவில்லை, கதவைத் தட்டாமல், முதுகால் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் பெட்டியோடு உள்ளே வந்துவிட்டார்.

நான் பதறிப்போய்ப் பர்தாவை எடுத்துத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் காதோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் பெட்டியைப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டபடி ஓடிவிட்டார். நான் கையை இறக்கப் போனேன்.

"டீச்சர்! கைய எடுக்காதீங்க. அப்பிடியே இருங்க, அசையாதீங்க!"

தலையில் பல்லி ஏதும் விழுந்துவிட்டதோ என்று உடம்பு சில்லிட்டது. அந்தப் பெண்ணின் கண் இரண்டும் விரிந்திருந்தன.

"கத்துது டீச்சர்! நல்லா கத்துது!"

இப்படியொரு சந்தோஷமான செய்தியை நான் கேட்டதே இல்லை. அவர் கதவைத் திறந்து, "நானா, உள்ள வாங்க, இதுதானா அந்தச் சத்தம்?" என்று கணவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். அவர் வாசலிலேயே நின்று, "இதுதான், இதுதான்!" என்று கூவினார். காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் போல இருந்தது அவர் முகம். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவர் விளக்கினார். காதுக்குள் வைக்கிற அச்சு எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை, ஓரத்தால் சத்தம் கசிகிறது. வீட்டில் நான் இருப்பது போலத் திறந்த காதென்றால் அது வெளியே போய்விடும். இறுக்கமான துணி மேலே இருந்தால் துணியில் பட்டுத் திரும்பி, மெஷினின் மைக்குக்குள்ளேயே புகுந்து, மறுபடி பெரிதாகி, சுற்றிச் சுற்றி விசிலாகிறது. 'சரக் சரக்' என்றது தொப்பியின் எலாஸ்டிக் மெஷினில் உரசிய சத்தம்.

"நானும் ஒங்கள எப்பவும் முக்காடு இல்லாமத்தானே பாத்தேன் டீச்சர். மழை பேயாத நாள்ல கொடைய விரிச்சுப் பாத்து, ஒழுகலன்னு சொன்ன மாரி ஆயிருச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டேன். "அப்ப இனி காதைத் திறந்துதான் ஈக்கணுமா?"

"யாரு சொன்னா? நீங்க எப்பிடி இருக்கீங்களோ அப்பிடியே இருங்க. மெஷினத்தான் நாம மாத்தணும்."

அன்றே காதுக்குள் குளிர்ந்த பசையை விட்டு, புது அச்சுக்கு அளவெடுத்தார். மெஷினையும் அச்சையும் இணைக்கிற, விறைத்துப்போன சின்னக் குழாயை மாற்றினார். எலாஸ்டிக் தொப்பியை விட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மெல்லிய பருத்தித் தொப்பி போடச் சொன்னார். பர்தாவும் காதுப் பக்கம் ஒரே மடிப்பு, கொஞ்சம் தளர்வாக. புது அச்சு வந்த நாளில் நான் வழமை போல பர்தா ஊசியைக் கழற்றப் போக, "வேணாம் டீச்சர், இனிமே முக்காட்டோடதான் டெஸ்ட்" என்றார். பேசினேன், திரும்பினேன், குனிந்தேன். "தொழுவுறப்போ எப்பிடி குனிவீங்க? அதையும் செஞ்சு காட்டுங்க" என்றார். பாய் இல்லாமல், அந்தச் சின்ன அறையில் தரையில் நெற்றி வைத்துக் காட்டினேன். மெஷின் சத்தம் போடவில்லை. எழுந்திருக்கும்போது எனக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை அதிபரிடம் போய், "சேர், ஒரு பாடத்துக்கு வந்து வகுப்புல இருங்க" என்றேன். வந்து கடைசி வரிசையில், முழங்கால் நெஞ்சைத் தொடுகிற அந்தக் குட்டிக் கதிரையில் உட்கார்ந்தார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, வகுப்பிலேயே மெதுவாகப் பேசுகிற பிள்ளை வாசித்தாள். ஒரு வரியைத் தாண்டிப் போனாள். திரும்பாமலே, "மேல் வரி விட்டுப் போச்சே மகள்" என்றேன். பின்னாலிருந்து கதிரை நகரும் சத்தமும் கேட்டது. "லைப்ரரிக்கு வேற ஆளப் பாக்கிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிபர். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அவர் போனதும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, கவலையோடு கேட்டாள்.

"டீச்சர், ஒங்கட குருவி எங்க?"

"பறந்து போயிட்டு மகள்" என்றேன். பாவம், அவளுக்கு முகம் வாடிவிட்டது.

இப்போதும் தாய்மார் யாராவது வந்து, "வீட்டுல நல்லா வாசிக்கிறா டீச்சர், இங்கதான் வாய் தொறக்கிறா இல்ல" என்று சொன்னால், முன்பு போல உள்ளுக்குள் சிரிப்பதில்லை. என் முன்னால் நடக்காததும் உண்மையாக இருக்கலாம். சாத்திய அந்த அறையில் அந்தப் பெண் "கத்துது டீச்சர்!" என்று கூவியது நினைவுக்கு வந்துவிடுகிறது.