முதல் என்றால் கடைசி

கஷ்டமான கேள்வி அத்தனைக்கும் தப்பான பதில் சொன்ன ஒரு பெண்ணுக்குத் தொழிற்கல்லூரியில் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிளம்பி, பக்கத்து மருந்துக்கடை, எதிர்ச்சாரி சைக்கிள் கடை வழியாக ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. நம்புவதற்கு ஒன்றும் சிரமமில்லை. தப்பான பதில் சொல்லியே மேலே போனவர்களை நாம் பார்க்காதவர்களா? என்ன, அவர்கள் யாரும் அதற்காகக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததில்லை. ஆகவே இதை விசாரிக்க வேண்டியதாயிற்று. விசாரித்தால், பேச்சில் ஒரு பிழை இருக்கிறது. அத்தனையும் தப்பில்லை. ஒன்று சரி. அந்த ஒன்றும் தவறிப்போய்ச் சரியானது.

அந்தப் பெண்ணைச் சலவைக்கூடத்தில் பாய்லர் அக்கா என்பார்கள். வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியின் போர்வை, தலையணையுறை, டாக்டர்களின் பச்சைச் சட்டை எல்லாம் வெந்து வெளுக்க ஆவி வேண்டும். அந்த ஆவியை அனுப்பும் கொதிகலனுக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் தாய் தகப்பன். மீட்டர் முள்ளைப் பார்க்கவே மாட்டாள். குழாயின் முனகலைக் கேட்டே அழுத்தம் எவ்வளவு என்று சொல்லுவாள். கையிலிருப்பது பேனாவோ திருப்புளியோ, வேலை முடிந்ததும் அது போய்ச் சேரும் இடம் அவள் கொண்டை. ஒருமுறை வீட்டுக்குப் போய்த் தலையை அவிழ்த்தபோது இரண்டு திருப்புளியும் ஒரு வெப்பமானியும் விழுந்தன என்பார்கள். வெப்பமானி விழுந்தது நிஜம்.

இப்படி இருந்தவள் தலையில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. அடுத்த வருஷத்திலிருந்து சான்றிதழ் இல்லாதவர் கொதிகலனைத் தொடக்கூடாது. தொடாதவர்கள் மடிப்புப் பிரிவுக்குப் போகலாம். பதினோரு வருஷம் ஆவியை ஆண்டவள் இனிமேல் தலையணையுறையை நாலாக மடித்துக்கொண்டு உட்காரவேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்கல்லூரியில் ஒரு வருஷம் மாலை வகுப்பு. பன்னிரண்டே இடம். பள்ளி முடித்த சான்று, முகவரிச் சான்று, தலைசுற்றல் இல்லை என்று டாக்டர் கடிதம், இரண்டு காதும் தெரிகிற புகைப்படம் மூன்று. எல்லாம் சேர்ந்துவிட்டன. காது எதற்கு என்று கேட்டதற்கு, விதி என்றார்கள். கடைசியாக நின்றது நிலைத் தேர்வு: கணக்கில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று கணினி சொல்லும். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று மூன்று.

வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். தேர்வுக்கு முதல்நாளே அவளுடைய சட்டையைக் கத்தி மடிப்பாக இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். பேச்சுக்கென்றே பிறந்தவர் அவருடைய தம்பி. வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஏறியிறங்கும் சவாரிகளிடம் ஆளுக்கொரு செய்தி வாங்கி வைத்துக்கொள்வதால் அவருக்கு 'தகவல்' என்று பட்டப்பெயர். போன வருஷம் ஏசி மெக்கானிக் படிப்புக்கு அதே தேர்வை எழுதியவர். எழுதிவிட்டு வந்து, பரீட்சை அல்வா மாதிரி இருந்தது, கல்லூரியில் கழிப்பறைதான் சரியில்லை, அதனால் சேரவில்லை என்று சொன்னவர்.

"அண்ணி, அந்த மெஷினுக்கு ஒரு குணம் இருக்கு," என்றார் அவர். "சரியாச் சொன்னா அடுத்தது கஷ்டமா வரும். தப்பாச் சொன்னா அடுத்தது சுலபமா வரும். அதனால கஷ்டமானது வந்தா வேணும்னே தப்பா அமுக்குங்க. உடனே இறங்கி வரும். சுலபமானதை எல்லாம் அள்ளிக்குங்க."

பாய்லர் அக்காவுக்கு இது நியாயமாகப்பட்டது. அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்து கொஞ்சம் வெளியே விடுவதில்லையா? அதுபோலத்தான். அவளுடைய பதினோரு வருஷ அனுபவமே கொழுந்தனுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு மந்திரவாதியே வேண்டாம். வீட்டில் ஒரு கொழுந்தன் போதும்.

தேர்வு அறையில் இருபது கணினி. வாசலில் சங்கிலி கோத்த கண்ணாடி அணிந்த அதிகாரி அம்மாள் ஒருவர், ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் ஒரு பென்சிலும் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். தாளும் பென்சிலும் திரும்ப வரவேண்டும் என்பது சட்டம்.

முதல் கேள்வி: அறுநூறு லிட்டர் தொட்டி, நிமிஷத்துக்கு இருபத்தைந்து லிட்டர் உள்ளே வருகிறது, பத்து லிட்டர் வெளியே போகிறது, நிரம்ப எத்தனை நிமிஷம்? இது அவள் தினமும் காலை ஆறு மணிக்குப் போடுகிற கணக்கு. நாற்பது. தாளில் எழுதினாள். பிறகு கொழுந்தன் சொன்னது ஞாபகம் வர, திரையில் அறுபதை அமுக்கினாள். அடுத்த கேள்வி வந்தது: எட்டிலிருந்து மூன்று போனால் எத்தனை? பாய்லர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தன் மகா கெட்டிக்காரன்.

அப்புறம் சீராக நடந்தது. கொஞ்சம் முறுக்கான கேள்வி வந்தால் தாளில் விடையைக் கண்டுபிடிப்பாள். எது சரி என்று தெரிந்தால்தானே எது தப்பு என்று தெரியும்! பிறகு தப்பை அமுக்குவாள். மெஷின் கீழே இறங்கி வந்து ஒன்றும் ஒன்றும் கேட்கும். அரை மணியில் முடிந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்குக் கொழுந்தன் இல்லை போலிருக்கிறது.

வெளியே வந்ததும் அச்சடித்த தாள் கிடைத்தது. தடித்த எழுத்தில் ஒரே வரி. நிலை: முதல்.

அன்று சாயங்காலம் சலவைக்கூடத்தில் எல்லா இயந்திரத்தையும் இரண்டு நிமிஷம் நிறுத்திக் கைதட்டினார்கள். முதல்! மேலாளரே கீழே இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பாய்லரை எப்போதும் இவள்தான் பார்க்கவேண்டும் என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். என்றைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் இனிப்புப் பெட்டி வாங்கிவந்து, மாடிப்படியில் வீடு வீடாக ஏறி, பேசாமலே கொடுத்துவிட்டு வந்தார். கதவு திறந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்க, தாளை மட்டும் காட்டினாராம்.

கொழுந்தன் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். தாளைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தார். பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த இனிப்பு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"என்ன தம்பி, உங்க ஐடியாதானே?" என்றாள் அவள்.

"அண்ணி," என்றார் அவர். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியும். "முதல்னா கடைசி."

விளங்கவில்லை. அவர் பர்ஸைத் திறந்து, எட்டாக மடித்த பழைய தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். போன வருஷத் தேதி. நிலை: முதல். முதல் நிலை என்றால் மாடிப்படியில் முதல் படி, தரையிலிருந்து எண்ணுவது. கூட்டல் கழித்தலில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகுதான் படிப்பில் சேர்ப்பார்கள். கல்லூரிக் கழிப்பறை சுத்தமாகத்தான் இருந்ததாம். தனக்கு எல்லாம் சுலபமாக வந்ததே, ஏன் இப்படி என்று அவருக்கு ஒரு வருஷமாகப் புரியவில்லை; தான் தந்திரத்தைச் சரியாகச் செய்யவில்லை, அண்ணி செய்தால் பலிக்கும் என்று மனதார நினைத்திருக்கிறார்.

பாய்லர் அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தேதியைத் தவிர வித்தியாசமே இல்லை. திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்; காற்றுத்தான் வந்தது. ஆவி போய்விட்ட பாய்லர்போல நின்றவள், நாளையிலிருந்து மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். படுக்கப்போகுமுன் கொண்டையை அவிழ்த்தாள். கல்லூரிப் பென்சில் விழுந்தது.

திருட்டுப் பட்டமும் சேர்ந்தா வரவேண்டும்? காலையில் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கண்ணாடி அம்மாள் பென்சிலைக் கண்டுகொள்ளவில்லை. மேஜையில் பாய்லர் அக்காவின் வெள்ளைத்தாள் விரித்திருந்தது. அருகில் கணினியின் விடைப்பட்டியல்.

"உட்காருங்கம்மா. உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றார். "பன்னிரண்டு கஷ்டமான கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாகூட மூணு சரியா வரும். உங்களுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. இவ்வளவு மோசமா எழுத எல்லாமே தெரிஞ்சிருக்கணும்."

பாய்லர் அக்கா பென்சிலை மேஜை ஓரமாக வைத்தாள்.

"இந்தத் தாள்ல பதினொண்ணு சரியா இருக்கு. அந்தப் பதினொண்ணும் திரையில தப்பு. இங்க தப்பாப் போட்ட ஒண்ணு மட்டும் அங்க சரி. இருபத்தாறு வருஷமா இந்த அறையில உட்கார்ந்திருக்கேன். பார்த்து எழுதினவங்களைப் பிடிச்சிருக்கேன். தெரிஞ்சதை மறைச்சு எழுதின ஆளை இப்பதான் பார்க்கிறேன். ஏம்மா?"

சொன்னாள். எட்டு, மூன்று, வால்வு, கொழுந்தன், இனிப்புப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரித்தாரா என்பது தெரியவில்லை. மறுதேர்வு முப்பது நாள் கழித்துத்தான். வகுப்போ பன்னிரண்டு நாளில் தொடங்குகிறது. ஆனால் தேர்வரின் உண்மை நிலை பதிவாகவில்லை என்று அதிகாரிக்கே தோன்றினால் உடனே எழுதவைக்கலாம் என்று ஒரு விதி உண்டு. இருபத்தாறு வருஷத்தில் யாரும் தொடாத விதி. படிவம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டம்: உடல்நலக் குறைவு, மின்தடை, கணினிக் கோளாறு, மற்றவை. பாய்லர் அக்கா பொய் சொல்லத் தெம்பில்லாமல் மற்றவையில் குறியிட்டு, பக்கத்துக் கோட்டில் 'கொழுந்தன்' என்று எழுதினாள்.

"அந்தப் பென்சிலையே வெச்சுக்குங்க. போய் உட்காருங்க," என்றார் அம்மாள்.

இந்த முறை தொட்டிக்கு நாற்பது அமுக்கினாள். உடனே இரண்டு தொட்டி வந்தது. அதையும் முடித்தாள், ஆவி வந்தது, அப்புறம் சதவீதம், அப்புறம் எண்ணே இல்லாமல் எழுத்துகளை வைத்துக் கணக்கு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குரூரம். முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுவது அவள் காதில் கேட்டது. ஒரே ஒரு தப்பு அமுக்கினால் போதும், இறங்கிவிடும். விரல் அங்கே போய் நின்றது. வால்வைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அவள் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான். கடைசி ஐந்து கேள்வியில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சட்டையின் கத்தி மடிப்பு முழுக்க நனைந்துபோயிற்று. வெளியே வந்து, "போச்சு மேடம். போனவாட்டி எவ்வளவோ தேவலை," என்றாள்.

அம்மாள் அச்சுத்தாளை நீட்டினார். நிலை: மூன்று.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். உச்சிப்படி அதுதான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அம்மாளிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பன்னிரண்டில் ஒன்பதாவது இடம் அவளுக்கென்று அன்றே எழுதினார்கள். வீட்டில் தாளைப் பார்த்த வீட்டுக்காரர், முதலிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டாளே என்று வருத்தப்பட்டு, அதைக் காட்டிக்கொள்ளாமல், அந்த வாரத்திலேயே அதிகமாகப் பேசினார்: "பரவாயில்லை. மூணும் நல்ல இடம்தான்." கொழுந்தன் எடுத்துச் சொல்லி விளங்கவைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. மேலாளரோ மறுநாள், மூன்றாம் நிலை என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார்.

இப்போது அவள் மாலை வகுப்புக்குப் போகிறாள். எழுத்துக் கணக்கு இன்னும் முரண்டு பிடிக்கிறது. ஆனால் மற்றவர்கள் படம் வரைந்து படிக்கிற கொதிகலனைப் பற்றி அவள் சொந்தப் பிள்ளையைப் போலப் பேசுவதால், வாத்தியாரே சந்தேகம் கேட்கிறார். தேர்வு அறை வாசலைத் தாண்டித்தான் வகுப்பு. தாண்டும்போதெல்லாம் கண்ணாடிக்கு மேலாக இரண்டு கண் பார்க்கும்.

"பென்சில்?"

"நாளைக்கு மேடம்."

நாளைக்கும் வராது. கொழுந்தன் மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறார். ராசியான பென்சில் என்று அதை வாங்கிப் போய், இந்தத் தடவை எது தெரியுமோ அதையே அமுக்குவது என்ற புரட்சிகரமான முடிவோடு, தினமும் ஒரு மணி நேரம் காரை ஓரம் கட்டிக் கணக்குப் போடுகிறார். பென்சில் சீவிச் சீவிச் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது. தேர்வு அறை நோட்டில், பெற்றது ஒன்று என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நேரே, திரும்பியது என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.