மணையிலிருந்து இறங்கிய என் அத்தான்

அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் பெரம்பலூர்க் கடைத்தெருவில் இறங்கி, என் தோளைத் தொட்டார். “ஒங்க அத்தான் தவறிட்டாருங்க. ஒடனே வரச் சொன்னாங்க.” போய், எல்லாம் முடிந்து, திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நடேசம் அத்தான் என் கமலம் அக்காவின் கணவர். ஆள் நாலே முக்கால் அடி. குரல் நாற்பது அடி. அவர் தும்மினால் ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்பில் பழம் உதிரும்.

வீட்டுக்குக் கரண்ட் வந்த புதிதில் திருச்சியிலிருந்து தகரச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடத்து மர மேசையில் அதை ஏற்றி, மீன்களை விட்டு, மேலே ஒரு விளக்கும் மாட்டினார். மகாராஜா பட்டாபிஷேகம் தோற்றுப் போகும். கை எட்டாததால், மரமணை மேல் ஏறி நின்றுதான் பொரி போடுவார்.

தண்ணீரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று அக்கா சொன்னாள்.

“மீனுக்கு அடிக்காத ஷாக்கு ஒனக்கு மட்டும் எப்படி அடிக்கும்? நானுந்தான் தெனம் கைய வுடறேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“பொய்யின்னு சொல்லல. பயம்னு சொல்றேன்.”

அந்தச் சொல்லை அக்காவால் பொறுக்க முடியவில்லை. அதைவிட, மூன்று வயது மகள் நுனிக்காலில் நின்று தொட்டியின் சட்டத்தை எட்டத் தொடங்கியிருந்தாள். அக்கா எனக்கு ஆளனுப்பினாள். நான் போனபோது துணிமூட்டை வாசலில் இருந்தது.

“தம்பி, பாப்பாவத் தூக்கிக்கிட்டு அரும்பாவூருக்கு, நம்ம வூட்டுக்கே வந்துடறேன். இந்தத் தொட்டி இருக்கற வூட்டுல புள்ளைய வச்சுக்க மாட்டேன்.”

அத்தான் மணையில் நின்றபடி தண்ணீரை அளைந்து காட்டினார். “பாத்துக்க மச்சான். எனக்கு என்ன ஆச்சு?”

அக்கா நிதானமாகச் சொன்னாள்: “நான் மணை மேல நிக்கலிங்க. கழுவி வுட்ட தரையில நிக்கறேன். எறங்கி வந்து தொடுங்க.”

இறங்கினார். ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று ஒரு விரலை வைத்தார். அன்று அவர் எழும்பிய உயரத்துக்குக் கங்கைகொண்டசோழபுரத்துக் கோபுரம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தரைக்கு வந்ததும் வாசலுக்கு நடந்தார். மூட்டையைத் தாமே உள்ளே தூக்கி வந்தார்.

“நீ சொன்னது நெசம் கமலம். மணையில நின்னுக்கிட்டு ஒன்னப் பயந்தாங்கொள்ளின்னுட்டேன்.”

மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால், விளக்கின் ஒயர் தகரச் சட்டத்தில் உரசித் தோலுரிந்து கிடந்தது. ஒயர்மேன் வந்து ஒயரை மாற்றி, விளக்கைத் தள்ளிக் கட்டி, சட்டத்திலிருந்து கிணற்றடி மண்ணுக்குச் செம்புக் கம்பி இறக்கினார். சண்டையில் எந்தப் பக்கமும் சேராத மீன்கள் பொரியைத் தின்றன.

அதன்பின் அத்தான் ஆளே மாறிப்போனார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், மறுத்துப் பேசுமுன் கடைமடைக்கே நடந்து போய் நிற்பார். “அவங்க நிக்கற எடத்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்பார், அதே நாற்பதடிக் குரலில்.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது வீடு நிறைய உறவுக்கூட்டம். அதன் நடுவே, வளர்ந்துவிட்ட அந்த மகள் வெறுங்காலோடு தரையில் நின்று, முழங்கை வரை கையைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, மீன்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

நிம்மதியாப் போயிட்டு வாங்க, அத்தான்.