இடைவேளையில் மாற்றிய ஸ்டட்டுகள்

மக்களே, டிவியில் வரும் பெரிய பந்தாட்டக்காரர்களை உங்களுக்குத் தெரியும். நான் பூட்ஸ் துடைத்துக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர் இல்லை. ஜெர்மனியில் மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று ஊர் ஊராக மாறி, பகலில் குடோனில் பெட்டி தூக்கி, சாயங்காலம் ஆடிய ஸ்ட்ரைக்கர். வயது முப்பத்து நான்கு. வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். துபாய் பக்கத்தில் அஜ்மானில் நான் வேலை பார்த்த சின்ன கிளப்புக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தார்.

கடைசி ஆட்டத்துக்கு முன் கோச் சொல்லிவிட்டார்: முழு ஆட்டமும் அந்தக் கால் தாங்கினால் இன்னொரு வருடம். இல்லையென்றால் கலாஸ், கதை முடிந்தது.

அன்று மதியம் மைதானம் வெயிலில் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து, அவர் பூட்ஸின் அடியில், தரையைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் குட்டையானவற்றைத் திருகி வைத்தேன். ஆட்டத்துக்குச் சற்று முன் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? அன்றைக்கு மறந்துபோனேன்.

ஆட்டம் தொடங்கியதும் கோலுக்கு முன்னால் வழுக்கினார். சற்று நேரத்தில் மறுபடியும். எழுந்தவர் முழங்காலைத்தான் தடவினார்.

பக்கத்தில் நின்ற கிளப் பஸ் டிரைவர் நம் ஊர்க்காரர். "என்னலே, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"வாய மூடிட்டு இருலே. உன் விசா இந்தக் கிளப்புலதான் கெடக்கு. வழுக்குனது அவன், நீயா வழுக்குன?"

இடைவேளையில் ஆட்டக்காரர்கள் அறைக்குள் போனேன். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் அரைகுறை ஆங்கிலம்தான்.

"என் கால் போயிடுச்சு, பாய்," என்றார். எல்லோரும் அவருக்கு பாய்தான். "என்னை எடுத்துடச் சொல்லி கோச்கிட்ட சொல்லப்போறேன்."

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "காலு இல்ல சார். ஸ்டட்டு. ஈரத்துக்கு நீளமானது போட்டிருக்கணும். நான்தான் குட்டையப் போட்டுட்டேன்."

துண்டை இழுத்துவிட்டு என்னையே பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன்.

"கால் இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப யல்லா, மாத்து!" இரண்டு கால்களையும் தூக்கி என் மடியில் வைத்தார். வெளியே விசில் கேட்டது. வேர்வையில் ஸ்டட் சாவி கையில் நிற்கவில்லை.

"ஜல்தி பாய்! இப்ப நீ வழுக்காதே!"

மிச்ச ஆட்டத்தில் நான் பந்தையே பார்க்கவில்லை, அந்த முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோல் அடிக்கவில்லை. ஆனால் கடைசி விசில்வரை ஓடினார். கோச் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் நேராக என்னிடம் வந்து, ஈர பூட்ஸைக் கழற்றி நீட்டினார்.

"அடுத்த வருஷம் தண்ணி ஊத்தினப்புறம் மாட்டு, பாய்."