ஜுபைலுக்குப் போகும் பனிமான்

ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில், காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் பொம்மைக் கடையில் நிற்கிறேன். நாளைக்குச் சவூதியிலுள்ள ஜுபைலுக்குப் பஸ். அங்கே கேம்ப் ரூமில் என்னோடு தங்கியிருப்பவர்கள், இந்த வருஷமாவது ஒரு கிறிஸ்துமஸ் குடில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என் கையில் இயேசு பாலன் சொரூபம்.

"ஜுபைலுக்கா அண்ணாச்சி? பார்டர்ல பையைக் கொடைஞ்சு பாப்பாங்க. சொரூபத்தை விடமாட்டாங்க."

கடைக்காரர் அதை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, கொம்பு வைத்த பனிமான் பொம்மை ஒன்றை நீட்டுகிறார். "இது போயிரும்."

பனி நாட்டில் சறுக்குவண்டி இழுக்கிற மான் அது. அமெரிக்காவில் யாரோ பாட்டுக் கட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியில் பூட்டிப் பறக்கவிட்டார்களாம். எங்கள் பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். வேதத்தில் இல்லாத மிருகம் என்று மணப்பாட்டில் எங்கள் வீட்டுக் குடிலில் நான் அதைச் சேர்த்ததே இல்லை.

"கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன் காக்கா." காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொய் எதுக்கு? மானுன்னே சொல்லுங்க. மான்தானே!" என்று சிரிக்கிறார்.

மானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கழுத்தில் சிவப்பு வார் இருக்கிறது, பின்னால் வண்டி இல்லை. எந்தக் கதையிலும் இது தானே பரிசாக வந்ததில்லை. பரிசைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இதன் வேலை.

வாங்கிக்கொள்கிறேன். ரூமில் ஒரு துண்டை விரித்து, பக்கத்தில் மானை நிறுத்துவோம். துண்டு காலியாகத்தான் இருக்கும். அதில் யார் படுத்திருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.